நகர்ப்புற ஓசோன் மாசு: குடியிருப்பாளர் சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஒரு குடியிருப்பாளர் சங்கத்தின் சுற்றுச்சூழல் பொறுப்பு உங்கள் கைக்கு வந்ததும், கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகள்தான் முதலில் புகாராக வந்து சேரும்: பின்சந்தில் எரியும் குப்பை, கரும்புகை கக்கும் லாரி, ஆண்டில் சில வாரங்கள் ஊரையே மூடும் புகைமூட்டம். ஓசோனைப் பற்றி யாரும் வந்து முறையிட மாட்டார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்க, வெயில் சுள்ளென்று அடிக்கும் பிற்பகலில், ஆஸ்துமா உள்ள பிள்ளை திடலிலிருந்து இருமிக்கொண்டே வீடு திரும்பினாலும், காற்றின்மீது பெற்றோருக்குச் சந்தேகம் வராது. அந்த மாசை அரசு எப்படி அளக்கிறது, எந்தச் சட்டத்தால் கட்டுப்படுத்துகிறது, உங்கள் வட்டாரம் தரநிலைக்குள் இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுவது, இல்லையென்றால் யாருக்கு என்ன எழுதுவது என்பவற்றைப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன். செராஸ் பக்கம் இந்த வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பினாங்கில் வேறுபடுபவற்றை ஆங்காங்கே குறித்திருக்கிறேன்.

முதல் படி: எது ஓசோன், அது எங்கிருந்து வருகிறது என்பதில் தெளிவு பெறுங்கள்

பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஓசோன் படலம் தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதைக் காப்பாற்ற 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. நாம் இங்கே பேசுவது தரைமட்டத்தில், நாம் மூச்சிழுக்கும் உயரத்தில் உருவாகும் ஓசோன். வேதியியலில் இரண்டும் ஒரே வாயுதான். ஆனால் இது நுரையீரலின் உட்சுவரை அரிக்கும் மாசு. கூட்டத்தில் யாராவது எழுந்து, "ஓசோன் நல்லதுதானே, அதை ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. பொறுமையாக இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்தது, இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளுக்கும் அடிப்படையானது: எந்தப் புகைபோக்கியும் எந்த வண்டியும் ஓசோனைச் சொல்லிக்கொள்ளும் அளவில் வெளியே விடுவதில்லை. வண்டி எஞ்சின்களும் மின்நிலையங்களும் கொதிகலன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. பெட்ரோல், தின்னர், பெயிண்ட், அச்சு மை போன்றவற்றிலிருந்து கரிம ஆவிகள் கிளம்புகின்றன. நைட்ரஜன் டைஆக்சைடை வெயில் உடைக்கும்போது பிரிகிற ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை உடனே தின்று பழையபடி டைஆக்சைடாகிவிடும். கரிம ஆவிகள் இல்லாவிட்டால் கணக்கு அத்தோடு நேராகிவிடும். ஆவிகள் இருந்தாலோ, அவை நைட்ரிக் ஆக்சைடை வேறு வழியில் டைஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. தின்பதற்கு ஆள் இல்லாமல் ஓசோன் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகிறது.

இதனால்தான் சில விந்தைகள் நேர்கின்றன. வண்டிகள் நெரியும் சாலையோரத்தில் புதிய நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், அங்கே அளவு குறைவாகவும், காற்று வீசும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அமைதியான தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அதிகமாகவும் இருக்கக்கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா வழியாகக் கிழக்கே மலையடிவாரத்தை நோக்கி நகர்கிறது. வழியில் சேர்ந்த வாயுக்களை வெயில் சமைத்துக்கொண்டே வருகிறது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கப்பட்டு சாலைகள் வெறிச்சோடியபோது நைட்ரஜன் டைஆக்சைடு வெகுவாகக் குறைந்தது. ஓசோன் அதே விகிதத்தில் குறையவில்லை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று தானாகக் குறையும் என்ற எளிய கணக்கு இதில் செல்லாது என்பதை நான் உணர்ந்துகொண்டது அந்த ஆண்டில்தான்.

இரண்டாம் படி: தரநிலையைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள்

மலேசியாவில் காற்றின் தரத்துக்கு முதலில் 1989-ஆம் ஆண்டின் வழிகாட்டு அளவுகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக 2013-இல் புதிய தரநிலை வகுக்கப்பட்டு, 2015, 2018, 2020 என மூன்று கட்டங்களாக இறுக்கப்பட்டது. அதில் ஓசோனோடு சேர்த்து ஆறு மாசுகள் உள்ளன. 2020 முதல் ஓசோனுக்கு உள்ள வரம்புகள் இரண்டு: ஒரு மணிநேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 180 மைக்ரோகிராம், எட்டு மணிநேரச் சராசரி 100 மைக்ரோகிராம். இந்த எட்டு மணிநேர அளவு உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பரிந்துரையோடு ஒத்துப்போகிறது. எழுத்தில் நம் தரநிலை தளர்வானது என்று யாரும் சொல்ல முடியாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இந்த இரண்டு வரம்புகள்தாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை, எந்த நிலையத்திலும் பதிவானவை அல்ல. காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை ஒவ்வொரு மணிநேரத்துக்குமான அளவு வரிசையாக 52, 78, 108, 136, 152, 144, 112, 74 என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 152; ஒரு மணிநேர வரம்பான 180-க்குள் அது அடங்கிவிடுகிறது. எட்டையும் கூட்டினால் 856, எட்டால் வகுத்தால் 107. எட்டு மணிநேர வரம்பை அந்த நாள் தாண்டிவிட்டது. உச்சத்தை மட்டும் பார்ப்பவர் ஒரு குறையும் இல்லை என்பார். மதியம் முழுதும் திடலில் பயிற்சி செய்த பிள்ளையின் நுரையீரலுக்கோ அந்த எட்டு மணிநேரமும் கணக்குதான். ஆகவே யார் உங்களிடம் ஓசோன் எண்ணைச் சொன்னாலும், "எத்தனை மணிநேரச் சராசரி?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சில அறிக்கைகளில் மைக்ரோகிராமுக்குப் பதிலாக நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில் அளவு தரப்பட்டிருக்கும். ஓசோனைப் பொறுத்தவரை அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ மைக்ரோகிராம் வந்துவிடும். 50 பங்கு என்றால் சுமார் 100 மைக்ரோகிராம்.

மூன்றாம் படி: உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தைக் கண்டுபிடித்து, குறியீட்டைச் சரியாக வாசியுங்கள்

அளக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் துறைக்கு உரியது. மலாயில் ஜபாத்தான் அலாம் செகித்தார் எனப்படும் இத்துறை, நாடெங்கும் நிலையங்களை வைத்து மணிக்கு மணி அளக்கிறது. கோலாலம்பூரில் பத்து மூடாவிலும் செராசிலும் நிலையங்கள் உள்ளன. சுற்றுவட்டாரத்தில் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், புத்ராஜெயா ஆகியவற்றைப் பார்க்கலாம். பினாங்கு மாநிலத்தில் தீவுப் பக்கம் மிண்டனும் பாலிக் புலாவும், பெருநிலப் பக்கம் செபராங் ஜெயாவும் செபராங் பிறையும் இருக்கின்றன. மிக அருகிலுள்ள நிலையத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், பிற்பகல் காற்று உங்களை நோக்கி வரும் திசையில் உள்ள நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

துறையின் இணையத்தளத்திலும் செயலியிலும் மணிக்கு மணி வெளியாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, சுருக்கமாக ஐ.பி.யு. அதில் 50 வரை நல்லது, 51 முதல் 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் அபாயகரமானது. ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியாகத் துணைக் குறியீடு கணக்கிடப்பட்டு, அவற்றுள் எது அதிகமோ அதுவே அந்த இடத்தின் ஐ.பி.யு. எண்ணாக வருகிறது. பல நாள்களில் அந்த இடத்தை பி.எம். 2.5 நுண்துகள் பிடித்துக்கொள்வதால், ஓசோன் பின்னால் மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, ஐ.பி.யு. ஓர் எச்சரிக்கைக் குறியீடு. தரநிலையோ சராசரி அளவுக்கான வரம்பு. குறியீடு "மிதமானது" என்று காட்டும் நாளிலும் ஓசோனின் எட்டு மணிநேரச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்க முடியும்.

ஆகவே அளவுகள் வேண்டுமென்றால் துறையின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். மணிக்கு மணி எண்கள் தேவைப்பட்டால் சங்கத்தின் பெயரில் துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். நேரம் பிடிக்கும், இருந்தாலும் ஆவணத்தோடு பேசும் சங்கத்துக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. இடைப்பட்ட காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் 1, 3, 5 மணிக்கு ஐ.பி.யு. எண், எந்த மாசால் அந்த எண் வந்தது, வெயிலா மேகமா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நான்கே பத்திகளில் குறித்து வையுங்கள். காலை எண்ணைக் குறித்துப் பயனில்லை. இரவில் ஓசோன் உருவாவதில்லை, காலையில் அளவு தாழ்ந்தே இருக்கும்.

நான்காம் படி: சட்டம் எதைப் பிடிக்கிறது, எதைப் பிடிக்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்

நம் அடிப்படைச் சட்டம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதன் 22-ஆம் பிரிவு காற்றை மாசுபடுத்துவதையும், 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பையும் தடுக்கின்றன. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தம் தண்டனைகளைப் பெரிதும் உயர்த்தியது. சில குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி ரிங்கிட்வரை போகலாம். இச்சட்டத்தின் கீழ் வந்த 2014-ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள்தாம் தொழிற்சாலைகளுக்கு நேரடியாகப் பொருந்துபவை. 1978-இன் பழைய விதிமுறைகளுக்குப் பதிலாக வந்த இவை, தொழில்வாரியாக நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் கரிம ஆவிகளுக்கும் வெளியேற்ற வரம்புகளை வைத்துள்ளன. அப்போதே இயங்கிக்கொண்டிருந்த ஆலைகளுக்கு மாறிக்கொள்ள ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2019-இல் முடிந்துவிட்டது. அவகாசம் கேட்பதற்கு இன்று யாருக்கும் காரணம் இல்லை.

எரிபொருளிலும் மாற்றம் வந்துள்ளது. ரோன் 95 பெட்ரோல் 2020 ஜனவரியில் யூரோ 4எம் தரத்துக்கும், டீசல் 2021-இல் யூரோ 5 தரத்துக்கும் மாறின. கந்தகம் குறைந்த எரிபொருளில்தான் வண்டியின் வினையூக்கி மாற்றி நீண்ட நாள் ஒழுங்காக வேலை செய்யும். நைட்ரஜன் ஆக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் குறைப்பது அந்த மாற்றிதான்.

இனி, சட்டம் பிடிக்காதது. விதிமுறைகள் ஒவ்வொரு புகைபோக்கியையும் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகின்றன. அத்தனையும் தத்தம் வரம்புக்குள் இருந்துகொண்டே, எல்லாம் சேர்ந்து விடும் வாயுக்களால் பிற்பகல் காற்று தரநிலையைத் தாண்டலாம். அப்படித் தாண்டினால், இத்தனை ஆண்டுக்குள் சரிசெய்யும் திட்டத்தைக் கொடு என்று ஒரு நகரத்தையோ மாநிலத்தையோ கட்டாயப்படுத்தும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் அது உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தின் வேதியியலை 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற அறிஞர் விளக்கிய பிறகு, அங்கே சட்டங்கள் படிப்படியாக இறுகின. இன்று ஓசோன் தரநிலையை எட்டாத பகுதியை அரசு "எட்டாத பகுதி" என்றே அறிவித்துவிடுகிறது. அந்த மாநிலம் காலக்கெடுவுடன் திட்டம் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் நெடுஞ்சாலை நிதிகூட நிறுத்தப்படலாம். அங்கே புதிதாக வரும் பெரிய ஆலை, தான் கூட்டும் மாசுக்கு ஈடாக வேறோர் இடத்தில் குறைத்துக் காட்ட வேண்டும். அவ்வளவும் இருந்தும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரம் இன்னும் தரநிலையை எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் காற்றுக்குப் பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் உண்டு. நமக்கும் அந்தப் பதில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, ஓசோனை உண்டாக்கும் வாயுக்கள் கிளம்பும் இடங்களைத் தேடிப் பிடிக்கும் வேலையில் குடியிருப்பாளர்களும் பங்கெடுக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் படி: உங்கள் வட்டாரத்தில் மூலங்களைத் தேடுங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டு மூன்று பேராக நடந்தே போய்ப் பாருங்கள். காரில் போனால் வாசனை தெரியாது. கடைவீட்டு வரிசையின் பின்சந்துகள்தாம் முக்கியம்: கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறைகள், அச்சகங்கள், தளவாடங்களுக்கு வார்னிஷ் பூசும் இடங்கள், உலர்சலவைக் கடைகள். எங்கள் பகுதியில் ஒரு பட்டறையின் பின்வாசலில் மூடியில்லாத தின்னர் டின் ஒன்றை நாங்கள் பார்த்தோம். மணி இரண்டு இருக்கும். டின்னுக்குள் பாதிக்கு மேல் காலி. அதன் வாய்க்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்த செங்கல் சுவரின் கோடுகள் அந்த நெளிவின் வழியே தண்ணீருக்கடியில் இருப்பவைபோல் அசைந்தன. யாரும் அதைக் கொட்டவில்லை. வெயிலே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டறைக்காரரை அழைத்து அதைக் காட்டியபோது, "இவ்வளவு நாளும் காசுதானே போயிருக்கிறது!" என்றார். அடுத்த வாரம் எல்லா டின்களுக்கும் மூடி வந்துவிட்டது. சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே அங்கே வரவில்லை.

பெட்ரோல் நிலையத்தில் பம்பு தானாக நின்ற பிறகும் இரண்டு மூன்று முறை அழுத்தி நிரப்புவது நம்மிடையே உள்ள பழக்கம். கலம் நிரம்பி வழியாவிட்டாலும், அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஆவி வெளியே தள்ளப்படுகிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். நண்பகலில் நிரப்புவதைவிட மாலையில் நிரப்புவது நல்லது. அதன் பிறகு வரும் ஆவிக்கு வெயில் இருக்காது.

மரங்களும் கரிம ஆவி விடுகின்றன. செம்பனை அதிகமாகவே விடுகிறது. இதைக் காட்டி, "மரத்தை வெட்டினால் ஓசோன் குறையுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நைட்ரஜன் ஆக்சைடு இல்லாத இடத்தில் மரத்தின் ஆவியால் மட்டும் ஓசோன் பெருகாது. நகரத்தின் வெப்பத்தைத் தணிப்பதும் மரங்கள்தாம். ஆகவே, வெட்டக் கூடாது.

ஆறாம் படி: புகாரை மூலத்தின் பெயரில் எழுதுங்கள்

எங்கள் சங்கம் எழுதிய முதல் கடிதம் "எங்கள் பகுதியில் ஓசோன் அதிகமாக இருக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்பதாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதிலில், உங்கள் பகுதியின் ஐ.பி.யு. மிதமான நிலையில்தான் உள்ளது என்ற ஒரே வாக்கியம் இருந்தது. மனம் நொந்தது உண்மை. பிறகு யோசித்தபோது, யாரைப் பிடிப்பது என்று நாங்களே சொல்லவில்லை என்பது புரிந்தது. ஓசோனைப் பற்றி எழுதாதீர்கள். ஓசோனை உண்டாக்குவதைப் பற்றி எழுதுங்கள்.

தொழிற்சாலையின் வாடை, புகை என்றால் சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்துக்கோ அதன் இ-அடுவான் இணையப் புகார்த் தளத்துக்கோ எழுதலாம். பட்டறையோ கடையோ உரிமத்துக்கு மாறாக நடந்துகொண்டால், கோலாலம்பூரில் மாநகர் மன்றத்துக்கும், பினாங்கில் தீவா பெருநிலமா என்று பார்த்துப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கோ செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கோ எழுத வேண்டும். திறந்தவெளி எரிப்பு என்றால் தீயணைப்புத் துறையையும் உடனே அழையுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம். தமிழிலேயே பேசிப் புரியவைக்க முடியும்.

கடிதத்தில் நாள், மணி, சரியான இடம், வாடையின் தன்மை, காற்று வீசிய திசை, படம், அது எத்தனை முறை நடந்தது ஆகியவை இருக்க வேண்டும். "எப்போதும் நாற்றம்" என்று எழுதினால் அதிகாரி எப்போது வந்து பார்ப்பார்? "செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள், மூன்று வாரமாக" என்று எழுதினால் அவர் வர வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும். கடிதத்தை மலாயில் எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, முன்பு சொன்ன நோட்டுப் புத்தகத்திலேயே குறித்து வையுங்கள்.

ஏழாம் படி: சராசரி குறையும்வரை மூச்சைக் காப்பாற்றுங்கள்

முகக்கவசம் நுண்துகளைத் தடுக்கும். ஓசோன் வாயு என்பதால் சாதாரண என்95 கவசம் அதைத் தடுக்காது. பயன் தருவது நேரத்தை மாற்றுவதுதான். ஓட்டமும் விளையாட்டும் காலையில் இருக்கட்டும். 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையே கடும் பயிற்சி வேண்டாம். ஐ.பி.யு. 100-ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்பது கல்வி அமைச்சின் நடைமுறை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அந்த எண்ணுக்காகக் காத்திருக்காமல், 100-க்குக் கீழே இருக்கும்போதே ஆசிரியரிடம் பேசிப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வெயில் கடுமையான பிற்பகலில் சன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள் ஓசோன் வெகுவாகக் குறையும். காற்றைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று சொல்லி ஓசோனையே உண்டாக்கும் கருவிகளும் கடையில் விற்கின்றன. வாங்குமுன் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

எட்டாம் படி: வரப்போவதையும் கவனியுங்கள்

பெரிய ஆலையோ நெடுஞ்சாலையோ வருவதற்கு முன், சட்டத்தின் 34ஏ பிரிவின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். அவற்றுள் சில வகைத் திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கும் கருத்துக்கும் வைக்கப்படுகின்றன. சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் அந்த அறிவிப்புகளை மாதம் ஒரு முறையாவது பாருங்கள். கருத்துச் சொல்லக் கிடைக்கும் காலம் குறுகியது. அறிக்கையைத் திறந்ததும் காற்றுத் தரம் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். துகளுக்கும் புகைக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கிருக்கும். நைட்ரஜன் ஆக்சைடும் கரிம ஆவியும் எவ்வளவு கூடும், அதனால் காற்று போகும் திசையில் பிற்பகலின் எட்டு மணிநேர ஓசோன் சராசரி என்னவாகும் என்பதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வியை மட்டும், அத்தியாய எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டு, கெடு முடிவதற்குள் எழுத்து மூலம் அனுப்பிவிடுங்கள்.